ரெண்டு அஞ்சலை

மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறியாச்சாம். சுகந்தி போன் பண்ணிட்டா. "அம்மா, பெரியம்மாவுக்கு ஜன்னல் சீட்டு கிடைச்சிருச்சு, நீ டென்ஷன் ஆகாத"ங்கிறா என் மக, நான் எங்கடி டென்ஷன் ஆனேன், மாவுல உப்பு போட்டேனா போடலையான்னு தெரியல, ஒரு விள்ளல் எடுத்து நாக்குல வச்சுப் பாத்தா போட்டிருக்கேன், ரெண்டு தடவை போட்டிருக்கேன், போச்சு, இன்னும் ரெண்டு கை மாவு, இன்னும் அரை மூடி தேங்காய். இத்தனை காலம் கழிச்சு சிலோன்ல இருந்து அக்கா வருது, அதுக்கு உப்புக் கரிக்கிற ரொட்டியா போடுவேன்? இனி மலைதான். குஞ்சப்பனை, அரவேனு, அப்புறம் நம்ம கோத்தகிரி. வளைவுல தலை சுத்தாம வந்து சேரணும். அட, அதுக்கு என்ன தலை சுத்தும், அதுவும் மலையில பொறந்த உசுருதானே, நான் ஒரு கூறுகெட்டவ. "என்னடி தனியாப் பேசுற?"ன்னு வாசல்ல இருந்து கேக்குறாரு என் வீட்டுக்காரரு. பேசாம என்ன செய்ய, உங்களுக்கு என்ன, உங்க பேரு உங்ககிட்ட பத்திரமா இருக்கு, சின்னராசுன்னு கூப்பிட்டா திரும்பிப் பாப்பீங்க. என் பேரு பஸ்ஸுல வருது. ஜன்னல் சீட்டுல, எங்க அக்கா வாய்க்குள்ள உக்காந்து மலையேறி வருது.

ஊருக்கெல்லாம் நான் அஞ்சலை. ரேசன் கார்டுல அஞ்சலை, ஓட்டுப் போடப் போனா அஞ்சலை, தேயிலைத் தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற எடத்துல அஞ்சலைன்னு கத்தினா கூடையைத் தூக்கிட்டு ஓடினவ நான்தான். அப்பா ராக்கப்பன், அம்மா மெய்யாயி, சிலோன்ல இருந்து கப்பல்ல திருப்பி அனுப்பின குடும்பம், நான் ஒத்தைப் பொண்ணு. மூத்தது ஒண்ணு இருந்துச்சு, அங்கேயே காய்ச்சல்ல போயிருச்சுன்னு அம்மா சொல்லும். பேரு என்னம்மான்னா முந்தானையால மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிரும். அப்பா அதுவும் சொல்லாது, பீடியப் பத்த வச்சிரும். ரெண்டு பேரும் அப்படியே வாயப் பூட்டிக்கிட்டே போய்ச் சேந்துட்டாங்க. போன மாசியில ஒரு கல்யாணப் பந்தியிலதான் அந்தப் பூட்டு உடைஞ்சுச்சு. சிலோன்காரங்க நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தா பேரு கேக்க மாட்டோம், எந்தத் தோட்டம், எந்த லயம்னுதான் கேப்போம், லயம்னா ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீடு, அதச் சொல்லிட்டா ஆள் யாருன்னு தெரிஞ்சு போகும். பக்கத்து இலையில ஒரு பெரியவரு, அங்க இருந்து சொந்தக்காரங்களப் பாக்க வந்தவரு, "எந்தத் தோட்டம்மா?"ன்னாரு. வெள்ளைக்கல் தோட்டம், மேல் லயம், ராக்கப்பன் மக அஞ்சலைன்னேன். பாயாசத்த வாய்க்குக் கொண்டு போன மனுசன் அப்படியே நிறுத்திட்டாரு. "ராக்கப்பன் மக அஞ்சலையா? அது எங்க லயத்துலல்ல இருக்கு! போன வாரந்தானே அது பேத்திக்குக் காது குத்துன்னு சோறு போட்டுச்சு!" பந்தியே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இலையப் பாத்தா சோறும் கறியும் ஒண்ணாக் கலங்கித் தெரியுது.

அப்புறம் சுகந்திதான் அந்தப் பெரியவரப் புடிச்சு, நம்பர் வாங்கி, போன் போட்டா. "ஹலோ, யாரு?" "அஞ்சலை பேசுறேன்." "நானும் அஞ்சலைதான் பேசுறேன்." அப்புறம் அந்தப் பக்கம் ஒரு அழுகை கிளம்புச்சு பாரு, போனத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டேன், காது தாங்கல. அழுது முடிச்சு அக்கா சொல்லிச்சு. அப்பா இந்தியாவுக்குப் போக எழுதிக் குடுத்தப்ப நான் பொறக்கல. குடும்பத்துக்கே ஒரே பாஸ்போட்டு, அதுல ஒரே போட்டோ, அப்பா, அம்மா, மடியில அஞ்சலை, அதாவது அக்கா. பேப்பரு ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள நான் பொறந்து, நடந்து, பேசி, அஞ்சு வயசும் ஆயிட்டேன். என் பேரச் சேக்கச் சொல்லி அப்பா நடையா நடந்துச்சாம், சேக்கல. கப்பலுக்கு நாள் குறிச்சுட்டான். போட்டோவுல ஒரு புள்ள, வீட்டுல ரெண்டு புள்ள. போட்டோவுல இருக்கிற அஞ்சலைக்கு நாலு வயசு, நிசத்துல அஞ்சலைக்கு ஒம்பது ஆயிருச்சு, அப்ப அந்தப் போட்டோவுக்கு யாரு பொருத்தம்? நான்தானே! அக்காவ அத்தைகிட்ட விட்டுட்டு, அடுத்த கப்பல்ல வரவழைச்சுக்கிறதுன்னு பேச்சு. அடுத்த கப்பலுக்குப் பேப்பர் வரல, அப்புறம் கலவரம் வந்துச்சு, கப்பலே நின்னு போச்சு. அப்ப நான் யாருக்கா, என் பேரு என்னக்கான்னு கத்தினேன் போன்ல. "அத போன்ல சொல்ல மாட்டேன். நேர்ல வந்து கூப்புடுறேன்"ன்னுச்சு. சொல்றேன்னு சொல்லல, கூப்புடுறேன்னு சொல்லிச்சு. அத நினைச்சு நினைச்சு நான் எத்தனை ராத்திரி தூங்காமக் கிடந்தேன்.

ஏன் சொல்லல? ஒரு பேரு சொல்றதுக்கு என்ன நேரம் ஆகும், தும்முற நேரம் ஆகுமா? கோவமா இருக்குமோ. இருக்காதா பின்ன? அது பேர எடுத்துக்கிட்டு நான் வந்தேன். அது அம்மாவ, அது அப்பாவ, அது உக்காந்திருந்த மடிய. அம்மா எனக்கு ஊட்டின ஒவ்வொரு வாயும் அஞ்சலைக்கு ஊட்டினதுதானே, நான்தான் அஞ்சலை இல்லையே. ஐயோ, மாவு கையில ஒட்டுது, தண்ணி கூடிப் போச்சு. இங்க எங்களுக்கு அரசாங்கத் தோட்டத்துல வேலை குடுத்தாங்க, வீடு குடுத்தாங்க, அது அங்க அத்தை வீட்டுல, லயத்துல, இன்னொருத்தர் சோத்தப் பாத்துப் பாத்துத் தின்னிருக்கும். வந்து இறங்கி, மூஞ்சிக்கு நேரா நின்னு, "என் பேரக் கழட்டி வைடி"ன்னு கேட்டா? கேக்கட்டும். குடுத்துடுறேன். குடுத்துட்டா நான் என்ன பேருல நிப்பேன், அதையாவது அது சொல்லணுமே, கோவத்துல சொல்லாமப் போயிட்டா, உலகத்துல வேற யாருக்குத் தெரியும்? அப்பா இல்ல, அம்மா இல்ல, அந்த லயத்துல இருந்து வந்த சனம் ஆளுக்கொரு திசையில போயாச்சு. அது ஒருத்தி வாய்தான்.

ச்சீ, நல்ல நாளும் அதுவுமா என்ன நினைப்பு. அக்கா வருதுடி! எனக்கு ஒரு அக்கா இருக்கு, உசுரோட இருக்கு, ஜன்னல் சீட்டுல இருக்கு! கல்லு காஞ்சிருச்சு, மொத ரொட்டியத் தட்டிப் போடுறேன், தேங்காய் மணம் எந்திரிக்குது. இன்னொண்ணு தெரியுமா, இது எனக்கு எவ்வளவு பெரிய சந்தோசம்னு யாருக்கும் புரியாது, நான் மக்கு இல்ல! இங்க வந்ததும் பேப்பர்ல வயசு ஒம்பதுன்னு பாத்து நாலாங்கிளாஸ்ல கொண்டு போய் உக்கார வச்சாங்க. எனக்கு அப்ப மூக்குச் சிந்தத் தெரியாது, நாலாங்கிளாஸ்ல என்னத்தப் படிக்க? வாத்தியாரு வாய்ப்பாடு கேக்க, நான் பேந்தப் பேந்த முழிக்க, அன்னைக்கு வச்ச பேருதான் மக்கு அஞ்சலை. பள்ளிக்கூடம் விட்டு நின்னும் அந்தப் பேரு விடல, கொழுந்துக் காட்டு வரைக்கும் பின்னாலயே வந்துச்சு. நானும் நம்பிட்டேன். பேங்குல பாரம் நிரப்பச் சொன்னா எனக்கு வராது சார், நான் மக்குன்னு நானே சொல்லுவேன். அட பாவிகளா, அஞ்சு வயசுப் புள்ளய ஒம்பது வயசுப் புள்ளைங்க நடுவுல உக்கார வச்சுட்டு மக்குன்னீங்களேடா! இது தெரிஞ்ச அன்னைக்கு நான் சமையக்கட்டுல தனியா நின்னு ஆடினேன், சத்தியமா ஆடினேன், நான் மக்கு இல்லக்கான்னு அக்காகிட்டயும் போன்ல சொன்னேன். அதுக்கு மேல, வயசுல நாலு குறைஞ்சு போச்சே! தோட்டத்துல வயசாயிருச்சுன்னு நாலு வருசம் முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிட்டானுங்க, அது அக்காவோட வயசு. "அப்ப நீ இன்னும் குமரிதான், இன்னும் நாலு வருசம் எனக்குச் சேத்துச் சமைச்சுப் போடு"ங்கிறாரு இந்த மனுசன். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல.

போன் அடிக்குது. "குஞ்சப்பனை தாண்டியாச்சும்மா." "அக்கா என்னடி பண்ணுது?" "வெளியவே பாத்துக்கிட்டு வருது. பேசவே மாட்டேங்குது." பேசவே மாட்டேங்குதா? ஏன் பேச மாட்டேங்குது? என்னத்த மனசுல வச்சு உருட்டிக்கிட்டு வருது? குடுடி போன அதுகிட்ட, வேண்டாம், வேண்டாம், நேர்லயே பேசிக்கிறேன், வை. இடது கையில, தோளுக்குக் கீழ, உள் பக்கம், அரிக்குது. எனக்குப் பயம் வந்தா அந்த எடம்தான் மொதல்ல அரிக்கும். கிள்ளு வாங்கின எடம். சின்னதுல பட்டது எல்லாம் மறந்து போச்சு, லயம் மறந்து போச்சு, அத்தை மூஞ்சி மறந்து போச்சு, இந்தக் கிள்ளு மட்டும் மறக்கல. யாரோ பின்னால இருந்து ஒரு பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க, நான் திரும்புவேன், சுரீர்னு ஒரு கிள்ளு. திரும்பக் கூடாது. மறுபடி கூப்புடுவாங்க, திரும்புவேன், மறுபடி கிள்ளு. அப்புறம் அஞ்சலைன்னு கூப்புடுவாங்க, திரும்பினா உள்ளங்கையில கொஞ்சம் சீனி. சீனிய நக்கிக்கிட்டே வெறுந் தேத்தண்ணி குடிப்பேன், அந்த இனிப்பு இப்பவும் நாக்குல இருக்கு. கிள்ளினது அம்மான்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அம்மாகிட்ட ஒரு நாள் கேட்டதுக்கு, "நானா? நான் உன்னக் கிள்ளவா?"ன்னு அழுதுச்சு. ஆனா எனக்கு ஒண்ணு இடிக்குது. அது சின்னக் கிள்ளு. அம்மா விரலு கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்ச்சுப் போன விரலு, மொத்த விரலு. இது நகம் மட்டும் பதியிற கிள்ளு. ரொட்டி தீயுது, ஐயோ, புரட்டு, புரட்டு.

சரி, ஒரு பக்கம் கறுத்தா என்ன, அத நான் தின்னுக்குறேன். அந்த ரயிலும் ஞாபகம் இருக்கு. அங்க ரயில கோச்சின்னுதான் சொல்லுவாங்க, எங்கள ஏத்தி அனுப்பினது அழுகைக் கோச்சி, பேரே அதுதான், உள்ள இருக்கிறவங்களும் அழுவாங்க, பிளாட்பாரத்துல நிக்கிறவங்களும் அழுவாங்க, ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டே ஓடி வருவாங்க. அந்தக் கூட்டத்துல அழாத கை ஒண்ணு ஞாபகம் இருக்கு. மூஞ்சி இல்ல, கை மட்டும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேத்து வச்சு, தூக்கிக் காட்டிக்கிட்டே நின்னுச்சு ஒரு சின்னக் கை. உப்பு கேக்குதா, சீனி கேக்குதா, பொட்டு வைக்கச் சொல்லுதா, எத்தனை தடவை யோசிச்சாலும் புரியல. அப்புறம் கப்பல். இந்தக் கரையில இறங்கி நீள வரிசை, மேசைக்குப் பின்னால ஆபீசரு, பாஸ்போட்டு போட்டோவப் பாக்குறாரு, என்னப் பாக்குறாரு, போட்டோவப் பாக்குறாரு. "பேரு?" "அஞ்சலை." "ஒம்பது வயசா?" அப்பா, "தோட்டத்துப் புள்ள சார், வளத்தி கம்மி"ன்னு கும்புடுது. அந்த நேரம் பாத்து வரிசையில பின்னால இருந்து எங்க தோட்டத்து அம்மா ஒருத்தி, பாவம், பிஸ்கட் குடுக்கத்தான் கூப்புட்டிருப்பா, அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டா. ஆபீசரு என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு. நான் திரும்பல. மறுபடி கூப்புட்டா. திரும்பல. முத்திரை டக்குனு விழுந்துச்சு. அம்மா என்னத் தூக்கி நெஞ்சோட அமுக்கிக்கிட்டு ஓன்னு அழுதுச்சு. இத்தனையும் ஞாபகம் இருக்கு, அவ என்ன பேரச் சொல்லிக் கூப்புட்டா? அந்த எடத்துல மட்டும் சத்தமே இல்ல, வாய் மட்டும் அசையுது. கிள்ளிக் கிள்ளியே எடுத்துட்டாங்க.

போன வாரம் இந்த மனுசனப் புடிச்சு ஒரு கூத்து நடத்தினேன். எனக்குப் பின்னால நின்னு பேரு பேராச் சொல்லிக் கூப்புடுங்க, எதுக்கு எனக்கு ஒடம்பு சிலிர்க்குதுன்னு பாப்போம்னேன். அவரும் தொண்டையச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சாரு. "காமாட்சி!" திரும்பினேன். "செல்லம்மா!" திரும்பினேன். "குருவம்மா, ராசாத்தி, வள்ளியம்மை!" எல்லாத்துக்கும் திரும்பினேன். "எலிசபெத்து!"ன்னாரு, அதுக்கும் திரும்பிட்டேன். "என்னடி, எவ பேரக் கூப்புட்டாலும் திரும்புற, உனக்கு எல்லாப் பேரும் ஒட்டுதே"ன்னு அவரு விழுந்து விழுந்து சிரிக்க, நானும் சிரிச்சு, சிரிப்பு அழுகையாப் போயி, அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. இப்ப மறுபடி போன். அரவேனு. அரவேனுவா! இந்தா வந்துட்டாங்க, ஒரு அடுப்பு வேலை நேரந்தான். சம்பல் இடிச்சாச்சு, வெங்காயம், வத்தல், மாசிக் கருவாடு, புளிப்புக்கு எலுமிச்சை. இந்த ருசி அதுக்குத் தெரியும், இந்த மலையில வேற எவ வீட்டுலயும் கிடைக்காது. மொதல்ல கால்ல விழணுமா, கட்டிப் பிடிக்கணுமா? என்னக்கா இப்படி எளைச்சுட்டன்னு கேக்கலாம், ஆனா முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எங்க தெரியும்? சேலை மாத்தணும். மாவுக் கையோட எப்படி மாத்த. கோவமா இருந்தா இருக்கட்டும், அடிச்சா அடிக்கட்டும், அடிச்சுட்டு ஒரே ஒரு தடவை என் பேரச் சொன்னாப் போதும். அம்மா ஞாபகத்துல நான் என்ன பேருல இருந்தேன்னு தெரியாமச் சாகக் கூடாது.

ஆட்டோ சத்தம். நம்ம சந்துலதான். ஆமா, நிக்குது. "வந்தாச்சு, வா வெளிய!"ன்னு கத்துறாரு. ஐயோ, கல்லுல ரொட்டி கிடக்கு, கேஸ அணைக்கணும், குனிஞ்சு திருகுறேன், கை வழுக்குது. சுகந்தி குரல், பாத்து வா பெரியம்மா, படி இருக்கு. செருப்பக் கழட்டுற சத்தம். மூச்சு வாங்குற சத்தம், சமையக்கட்டு வாசல்ல, எனக்கு நேர் பின்னால. அப்புறம் ஒரு குரல், கொஞ்சம் கரகரப்பு. "பவளம்." நான் கேஸ் குமிழப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். "அடி, பவளம்." இடது கையில அந்த எடம் சுரீர்ங்குது, யாரும் தொடல. திரும்பணும், திரும்பணும்னுதான் நினைக்கிறேன், கழுத்து கேக்க மாட்டேங்குது. காமாட்சிக்குத் திரும்பின கழுத்து. எலிசபெத்துக்குத் திரும்பின கழுத்து. "அம்மா, பெரியம்மா கூப்புடுது, காது கேக்கலையா?"ங்கிறா சுகந்தி. கேக்குதுடி, நல்லாக் கேக்குது, உலகத்துல நான் திரும்பாத ஒரே பேரு இதுதான், அப்ப இதுதாண்டி, இதுதான் நான், பவளம், பவளம், எவ்வளவு அழகா இருக்கு! "சும்மா இரு புள்ள"ங்குது அந்தக் குரல் சுகந்திகிட்ட, "அவ மக்கு இல்ல. நான் சொல்லிக் குடுத்தத இன்னும் மறக்காம வச்சிருக்கா பாரு." கிட்ட வருது. அந்த எடத்துல ரெண்டு விரல் வந்து உக்காருது. கிள்ளல. தடவிக் குடுக்குது. திரும்பாமலே கேக்குறேன், "நீயாக்கா கிள்ளின?" "அம்மாவுக்கு எங்க மனசு வந்துச்சு? ஒண்ண விட்டுட்டுப் போகணும்னு அதுங்க ரெண்டும் ராவெல்லாம் அழுதுச்சுங்க. நான்தான் போட்டோவக் காட்டி, இது இப்ப தங்கச்சி மாதிரிதான் இருக்கு, அவ என் பேருல போகட்டும், அம்மா இல்லாம அவ இருக்க மாட்டான்னு சொன்னேன். உன் பேருக்குத் திரும்பினா கிள்ளு, என் பேருக்குத் திரும்பினா சீனி. கோச்சி நகந்தப்பக் கூட விரலக் காட்டினேனே, திரும்பிராதன்னு. அதான் போன்ல சொல்லல. நான்தான் நிறுத்தி வச்சேன், நான்தான் வந்து எடுத்து விடணும்." மூக்கு ஒழுகுது, கையெல்லாம் மாவு. அக்கா என் காதுகிட்ட குனிஞ்சு, ரகசியம் மாதிரி சொல்லுது.

"கப்பலு கரை சேந்தாச்சு, பவளம். இப்பத் திரும்பு."

திரும்பினேன்.